எத்தனை சட்டை போதும்? உடை அலமாரியில் போதுமையைக் கடைப்பிடிக்கும் முறை

நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக் கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாக மாறிப்போனது. வழக்குகள் நீண்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு முறை அங்கே கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயத் தண்ணீரில் 90 சதவீதத்துக்கும் மேல் மீட்டுப் பட்டறைகளுக்கே திருப்பி அனுப்புகின்றன. இது பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கலப்பு உப்பும் சேறும் மறைந்துவிடுவதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் குவிகின்றன. கடைசிச் சொட்டு வரை ஆவியாக்குவதற்கு எரிபொருளும் மின்சாரமும் செலவாகிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு சட்டைக்கு ஆகும் தண்ணீரைக் குறைத்துவிட்டோம் என்று நிம்மதியடையும்போதே சட்டைகளின் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. 2000ஆம் ஆண்டுக்கும் 2015க்கும் இடையே உலகில் தயாராகும் உடைகளின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது என்றும், அதே காலத்தில் ஓர் உடையை உடுத்தும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன என்றும் எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017ல் கணக்கிட்டது. இது புதிய நோயும் அன்று. நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதால் இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை என்பதை பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865லேயே எடுத்துக்காட்டினார். மலிவாகவும் சிக்கனமாகவும் செய்யக் கற்றுக்கொண்ட பொருளை நாம் அதிகமாகச் செய்கிறோம், அதிகமாக வாங்குகிறோம்.

ஆகவே ஒரு பொருளை எப்படித் தயாரிப்பது என்பதற்கு முன்னால் எத்தனை வேண்டும் என்று கேட்பதையே போதுமை என்கிறோம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2022ல் வெளியிட்ட அறிக்கையிலும் இச்சொல்லுக்கு இடம் கிடைத்தது: எல்லாருக்கும் நல்வாழ்வு கிடைக்கச் செய்துகொண்டே, ஆற்றல், மூலப்பொருள், நிலம், நீர் ஆகியவற்றுக்கான தேவை எழாமலே பார்த்துக்கொள்ளும் நடவடிக்கைகளும் அன்றாடப் பழக்கங்களும் என்பது அதில் தரப்பட்ட பொருள். தேவை எழாமலே என்பதைக் கவனிக்க வேண்டும். கஞ்சத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கஞ்சன் தேவையானதையும் வாங்கமாட்டான். போதுமையைக் கடைப்பிடிப்பவருக்கோ தேவை எது என்று கணக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போடும் முறையை உடை அலமாரியை வைத்துச் சொல்கிறேன். பழகிவிட்டால் சமையலறைக்கும் வண்டிக்கும் அதுவே செல்லும்.

எண்ணிக்கையைக் கண்டுபிடித்தல்

பீரோவிலிருக்கும் எல்லா உடைகளையும் வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டு எண்ணுங்கள். எதையும் கழிக்க வேண்டாம். எண்ணி எழுதிவைத்தால் போதும். பிறகு எல்லாவற்றையும் இடப்பக்கத் தட்டுகளில் அடுக்கி, வலப்பக்கத் தட்டு ஒன்றைக் காலியாக விடுங்கள். உடுத்தித் துவைத்து மடித்து வந்தவற்றை மட்டும் வலப்பக்கத் தட்டில் வைத்துவாருங்கள். மூன்று மாதம் கழித்து இடப்பக்கத்தில் எஞ்சியிருப்பவை உங்களிடம் இருக்கின்றனவே தவிர உங்களுக்குப் பயன்படுபவை அல்ல. நான் எண்ணியபோது 31 சட்டைகள் இருந்தன. மூன்று மாதத்தில் வலப்பக்கம் வந்து சேர்ந்தவை 12. அந்தப் பன்னிரண்டிலும் நான்கு, அலுவலகத்தில் யாரோ நன்றாக இருக்கிறது என்று சொன்னதால் மாறி மாறி வந்தவை.

அடுத்தது, எத்தனை போதும் என்ற கணக்கு. இதற்கு ஆசையையோ ஒழுக்கத்தையோ அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. துவைக்கும் நாள்தான் அளவுகோல். ஞாயிறும் புதனும் துவைக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். புதனிலிருந்து ஞாயிறு வரை அழுக்குக் கூடையில் சேரும் சட்டைகள் அதிகமாகப் போனால் 4. ஞாயிறு துவைத்தது காய ஒரு நாளும் இஸ்திரி வண்டிக்குப் போய்த் திரும்ப ஒரு நாளும் ஆகும் என்பதால், அந்த இரண்டு நாளைக்கு 2. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் ஈரம் வடியவே ஒரு நாள் கூடுதலாகும், அதற்கு 1. சாம்பார் கொட்டிவிட்டால் மாற்றுவதற்கும், திடீரென்று ஒரு விசேஷத்துக்குப் போவதற்கும் 1. ஆக, அன்றாடம் வேலைக்குப் போகிறவருக்கு 8 சட்டைகள் போதும். கால்சட்டையை இரண்டு தடவை உடுத்தித் துவைப்பவருக்கு அதில் பாதி. வெயிலில் நிற்கும் வேலை, எண்ணெயும் கிரீஸும் படும் வேலை, நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் வேலை என்றால் எண்ணிக்கை கூடும், கூடத்தான் வேண்டும். அரசுப் பள்ளியில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை வழங்கப்படுகிறது என்பதையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நாள் பள்ளிக்கு அது சரியாக வருகிறது.

இருப்பு எட்டு என்று முடிவானதும் ஆண்டுக்கு எத்தனை வாங்குவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். நன்றாகத் தைத்த நெய்த பருத்திச் சட்டை ஒன்றை 120 தடவை உடுத்தலாம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டில் 300 வேலை நாளுக்கு இரண்டரைச் சட்டைகள் தேயும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, நடுவில் எப்போதாவது ஒன்று! நம் தாத்தாக்கள் எந்தக் கணக்கும் போடாமல் கடைப்பிடித்துவந்த வழக்கம் தேய்மானத்தோடு இத்தனை துல்லியமாகப் பொருந்துவதைக் கண்டு நான் கொஞ்சம் திகைத்தேன். ஆகவே போதுமை என்றால் தீபாவளிக்குப் புதுத்துணி கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு மூன்று, ஆடித் தள்ளுபடியில் நான்கு, இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் இரண்டு என்று சேர்வதுதான் கணக்குக்கு வெளியே போகிறது.

பட்டுப் புடவைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது தேய்வதில்லை, மடிப்பில்தான் இற்றுப்போகிறது. ஆண்டில் ஐந்தாறு முகூர்த்தத்துக்கு மட்டும் வெளியே வரும் உடைக்கு, வாங்குவதைவிடப் பகிர்ந்துகொள்வதே பொருத்தமான வழி. அக்கா, தங்கை, அண்ணி, நாத்தனார் என்று நான்கு பேர் ஆளுக்கு மூன்று வைத்துக்கொண்டு மாற்றிக் கட்டினால் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு கிடைக்கும். இடைஞ்சலாக இருப்பது ஜாக்கெட் மட்டும். அதனால் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போதே பக்கவாட்டில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பிரித்து விடவும் பிடித்துத் தைக்கவும் அது உதவும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆண்டுக்கு இரண்டு மூன்றுதான் வாங்கப்போகிறோம் என்றால் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். விலைச்சீட்டில் உள்ள தொகையை எத்தனை தடவை உடுத்துவோம் என்பதால் வகுத்துப் பாருங்கள். 350 ரூபாய் பனியன் சட்டை இருபது துவைப்பில் கழுத்து தொங்கிவிட்டால் ஒரு தடவைக்கு 17 ரூபாய் 50 காசு. 800 ரூபாய்ச் சட்டையை 160 தடவை உடுத்தினால் 5 ரூபாய். ஆனால் விலை கூடுதல் என்பதாலேயே தரம் கூடுதல் என்று நம்பிவிடக் கூடாது. கடைகளில் பெரும்பாலும் நாம் கொடுக்கும் கூடுதல் விலை துணிக்கு அல்ல, மார்பில் தைத்திருக்கும் சின்னத்துக்குத்தான்.

கையால் சோதிப்பதற்குச் சில வழிகள் உண்டு. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். தையல் நூல் தொங்குகிறதா, தோள் தையலில் நாடா வைத்துத் தைத்திருக்கிறார்களா, பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்பவையெல்லாம் அங்கேதான் தெரியும். பின்னலாடை என்றால் கழுத்துப்பட்டியை விரித்து விட்டுப் பாருங்கள்; உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். மடித்துக் கிடத்தினால் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். இப்போதே முன்பக்கம் திரும்பி நிற்பது முதல் துவைப்பில் இன்னும் முறுக்கிக்கொள்ளும். ஈரக் கைக்குட்டையை உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை.

பின்னல் துணியின் கனத்தைப் பனியன் கம்பெனிக்காரர்கள் ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும் கருவி ஒன்றைத் துணியின் மீது வைத்துத் திருகி, வெட்டுப்பட்ட வட்டத்தைச் சிறு தராசில் வைப்பார்கள். 1.8 கிராம் என்று காட்டினால் 180 ஜி.எஸ்.எம். அந்தக் கனத்தில் பனியன் சட்டை நன்றாக உழைக்கும். 140க்கும் கீழே போனால் வெளிச்சத்தில் பிடித்தாலே விரல் தெரியும். கடையில் நாம் துணியை வெட்ட முடியாது, வெளிச்சத்தில் பிடிக்க முடியும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் இழைக்குள் போவதற்கு உப்புப் போடுவார்கள். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும்; கறுப்பு, கருநீலம், அடர் மெரூன் போன்றவற்றுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போக வேண்டியிருக்கும், அதாவது ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. மேலே சொன்ன கொட்டகை மூட்டைகளில் சேர்வது அதுதான். அதற்காகக் கறுப்பே உடுத்தக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எட்டில் ஆறு கறுப்பாக இருக்க வேண்டியதில்லை என்கிறேன்.

நூலிழை எது என்ற விவாதத்தில் ஜே.சி. குமரப்பாவின் பாகுபாடு ஒன்று உதவுகிறது. தஞ்சாவூரில் 1892ல் பிறந்து, காந்தியின் கிராமக் கைத்தொழில் பணியை வார்தாவில் நடத்தி, கடைசிக் காலத்தில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த அவர், இயற்கை வளங்களைத் தேங்கிக் கிடப்பவை, ஓடிக்கொண்டே இருப்பவை என்று இரண்டாகப் பிரித்தார். தேக்கத்திலிருந்து எடுப்பது ஒருநாள் தீரும், தீரும் முன்னே சண்டையில் முடியும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியஸ்டர் தேக்கம், ஆண்டுதோறும் விளையும் பருத்தி ஓட்டம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது. அது ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தால் அந்தப் பருத்தியும் தேக்கத்தில்தான் கை வைக்கிறது. இழையை மாற்றுவதால் மட்டும் தப்பிக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய துணிகள் கிடைக்கும். பழுது போனால் ஈடுகட்டுவதற்காகக் கம்பெனிகள் கூடுதலாகத் தைத்தவையும், வாங்குபவர் ரத்து செய்தவையும் அவற்றில் இருக்கும். ஏற்கெனவே தைத்து முடித்ததை வாங்குவது நல்லதுதான். ஆனால் கட்டாகக் கட்டித் தரும்போது பத்து வாங்கினால் விலை குறையும் என்று பத்து வாங்கிவிட்டால், நான்கு வருடத்துக்கான சட்டைகளை ஒரே மதியத்தில் வாங்கிவிட்டோம் என்று பொருள்.

நீண்டு உழைக்க வைத்தல்

ஓர் உடையை ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினால் அதன் கரிம, நீர், கழிவுச் சுமை ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று கழிவைக் குறைக்கப் பாடுபடும் பிரிட்டனின் ராப் அமைப்பு கணித்தது. துவைக்கும் முறையை மாற்றினாலே உடை கூடுதல் காலம் உழைக்கும். வியர்க்காத உடையைக் காற்றாட மாட்டி மறுபடி உடுத்துங்கள். திருப்பிப் போட்டுக் குளிர்ந்த நீரில் துவையுங்கள், நிழலில் காயவையுங்கள். சோப்புத்தூளைக் கை போன போக்கில் கொட்டி இரவெல்லாம் ஊறவைப்பதும், காலரைக் கல்லில் அடித்துத் துவைப்பதும் துணியைத் தேய்ப்பவை. பின்னலாடையை ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டினால் தன் எடையாலேயே நீளும்; கொடியில் பாதியாக மடித்துப் போட வேண்டும்.

பழுது பார்ப்பதில் நேரம்தான் முக்கியம். தையல் விட்ட அன்றே போட்டால் இரண்டு நிமிட வேலை, இரண்டு துவைப்புக் கழித்துப் பார்த்தால் துணியே கிழிந்திருக்கும். ஊசி, வெள்ளை, கறுப்பு, நீல நூல், பட்டன் டப்பா ஆகியவற்றைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வையுங்கள். பீரோவுக்குள் வைத்தால் எடுக்கமாட்டீர்கள்.

சட்டை முதலில் சாவது காலரில்தான். உடம்பு நன்றாக இருக்கும்போதே, கழுத்தில் படும் மடிப்பு உராய்ந்து நூல் நூலாகிவிடும். நாமும் சட்டையையே தூக்கிப் போட்டுவிடுகிறோம். பழைய தையல்காரர்களுக்கு இதற்கு மருந்து தெரியும்: காலரைத் திருப்பித் தைத்தல். காலர் என்பது கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி, அதன் மேல் மடிந்து விழும் இதழ் என்று இரண்டு துண்டுகள். பட்டியின் மேல் விளிம்பில் இதழைப் பிடித்திருக்கும் தையலைப் பிளேடு நுனியால் இழை இழையாக அறுத்துப் பிரிக்க வேண்டும். பட்டியைச் சட்டையோடு சேர்க்கும் கீழ்த் தையலைத் தொடக் கூடாது. பிரித்தெடுத்த இதழின் நடுவையும் பட்டியின் நடுவையும் சோக்பீஸால் குறித்துக்கொண்டு, கிழிந்த பக்கம் கீழே போகும்படி இதழைப் புரட்டி, நடுவோடு நடு சேர்த்து, பட்டியின் இரண்டு அடுக்குக்குள் செருகி, பழைய ஊசித் தடத்திலேயே ஓட்டினால் முடிந்தது. இதுவரை வெளியே வராத அடிப்பக்கம் புதுக் காலராக மேலே இருக்கும். அடிப்பக்கத்தில் விறைப்புக் குச்சி செருகும் பை வைத்த காலருக்கு மட்டும் இது பொருந்தாது. பழகிய கைக்கு இது அரை மணி நேர வேலை. 120 தடவை உடுத்தும் சட்டை 160, 170 வரை வந்துவிடும், ஆண்டுக்கு இரண்டரை என்பது இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

தைப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்

எல்லாரும் குறைவாக வாங்கினால் பவர் டேபிள் என்னும் மின் தையல் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போதுமை பேசுபவர்களை நான் நம்புவதில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு எண்ணிக்கை குறைந்தால் வருமானம் குறையும், அவ்வளவுதான். ஆகவே எண்ணிக்கையைக் குறைக்கும்போது பீஸுக்கான வேலையும் கூலியும் கூட வேண்டும். தோள் நாடா, இரட்டைத் தையல், உள்ளே விடும் துணி, உதிரி பட்டன் ஆகியவை ஒவ்வொரு சட்டையிலும் கூடுதல் நிமிடங்களைக் கேட்பவை; உழைக்கும் சட்டைக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை அந்த நிமிடங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். சேருகிறதா என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு, தனியாகக் கேட்டால் பதில் வராது என்பதும் உண்மை. அரசு விதிகள் இங்கேதான் வேண்டியிருக்கின்றன. பிரான்ஸ் விற்காத துணிகளை அழிப்பதைச் சட்டத்தால் தடுத்திருப்பதோடு, 2023 முதல் உடையையும் காலணியையும் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு பகுதிச் செலவை ஈடுசெய்யும் திட்டத்தையும் நடத்துகிறது.

சிறு தையல்கடை வைத்திருப்பவர் விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காலர் திருப்ப இவ்வளவு, ஜிப் மாற்ற இவ்வளவு, இடுப்புப் பிடிக்க இவ்வளவு என்று பழுது வேலைக்கான விலைப் பலகை ஒன்றைக் கடை வாசலில் மாட்டுங்கள். விலை தெரியாததால்தான் பலர் கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு புதிதாக வாங்கிவிடுகிறார்கள். வளரும் பிள்ளைகளின் கால்சட்டைக்கு அடியில் இரண்டு அங்குல மடிப்பு விட்டுத் தைத்து, ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிவிடக் குறைந்த கூலி வாங்குங்கள். அந்த வீட்டார் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். முன்கூட்டித் தைத்து அடுக்கிவைப்பதைவிட ஆர்டர் வந்த பிறகு வெட்டுவதே இடத்துக்கும் முதலுக்கும் நல்லது.

கடைசியில் எந்தத் துணிக்கும் ஒரு முடிவு உண்டு. மூன்று மாதம் இடப்பக்கத் தட்டிலேயே இருந்தவற்றில் நல்லவற்றைத் துவைத்து, பட்டன் தைத்து, உடுத்தக்கூடிய நிலையில் மட்டும் பிறருக்குக் கொடுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழைய உடைகளை வைத்துவிட்டுப் போகும் அன்புச் சுவரில் கிழிந்ததை மாட்டிவிட்டு வருவது குப்பையை இடம் மாற்றுவதுதான். பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர் தெருவில் வந்தால் அதுவும் ஒரு வழி, ஆனால் பாத்திரத்துக்காகத் துணியைத் தேடாதீர்கள். நூல் புடவை தூளியாகும், தலையணை உறையாகும்; பனியன் துணி மெக்கானிக் கடையில் கை துடைக்கப் போகும். வீட்டில் வேண்டியது நான்கைந்து கரித்துணிதான், அதற்கு மேல் சேர்க்காதீர்கள். கிழிப்பதற்கு முன் மறக்காமல் செய்ய வேண்டிய ஒன்று: பட்டன்களை எல்லாம் நூலோடு அறுத்து, ஜிப்பையும் பிரித்தெடுத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த சட்டையில் பட்டன் தெறிக்கும்போது அதே அளவில் ஒன்று கிடைக்கும்.